மார்கழிக்கு உண்டான குமிழ்

கார் வீட்டுக்கு வந்த அன்று நான் முதலில் தேடியது கியரை. ஓட்டக் கற்றுக்கொண்ட பயிற்சிப் பள்ளிக் காரில் அது இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே தரையிலிருந்து முளைத்து நிற்கும். இதில் நடுவே ஒன்றும் இல்லை. இரண்டு இருக்கைகள் என்பதே இல்லை. பெஞ்சு போல ஒரே நீளமான ரெக்சின் இருக்கை. குனிந்து காலடியைப் பார்த்தேன். இருக்கைக்கு அடியிலும் கைவிட்டுத் துழாவினேன். என் கணவர் கதவுக்கு வெளியே நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"கீழ என்னத்தத் தேடுத? மேல பாரு, ஸ்டியரிங் பக்கத்துல."

ஸ்டியரிங்கின் கழுத்திலிருந்து இடது பக்கமாக ஒரு தடி நீட்டிக்கொண்டிருந்தது. அதை நான் இண்டிகேட்டர் என்று நினைத்திருந்தேன். பிடித்து என் பக்கம் இழுத்து மேலே தள்ளினால் ஒரு கியர், கீழே தள்ளினால் இன்னொன்று. எழுதிப் பார்த்தால் எளிதாக இருந்தது. கையில் வர மூன்று நாள் ஆனது. வயதில் என்னைவிட மூத்த கார் அது. முட்டை வடிவத்தில், வெளிறிய நீல நிறத்தில், இரண்டு வட்ட விளக்குகளோடு எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது போல நின்றது.

எங்களுக்கு அந்தக் கார் ஆசைக்காக வாங்கியது அல்ல. என் மகளுக்கு அப்போது நான்கரை வயது. வீசிங் இருந்தது. வேலம்பாளையத்தில் நாங்கள் இருந்த மாடி வீட்டைச் சுற்றி எல்லாமே பனியன் கம்பெனிகள். துணி வெட்டும் இடத்திலிருந்து பறக்கும் பஞ்சு காலையில் வாசற்படியில் மெல்லிய பனி போலக் கிடக்கும். வீட்டுக்குள்ளே நான் ஈரத்துணியால் துடைத்துச் சமாளித்துவிடுவேன். ஆனால் ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக் கூட்டிப்போனால், போய்ச் சேர்வதற்குள் அவள் நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்துவிடும். இனி இரண்டு சக்கர வண்டி வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆட்டோவிலும் காற்று நேராகத்தான் அடித்தது. பள்ளிக்கூட வேன் எங்கள் சந்துக்குள் வராது.

ஜூனில் அவளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். அதற்கு என் கணவரும் என் அப்பாவும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊரில், அப்பா வீட்டில் இருந்து அவள் படிப்பது. இரண்டாம் வகுப்பு முடியும்வரை அங்கே இருக்கட்டும், கடல் காற்றுக்கு நெஞ்சு தேறிவிடும் என்றார்கள். அப்பா அங்கிருந்த கான்வென்டில் ஃபாரமும் கொடுத்துவிட்டார். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் என்னால் எதிர்த்துப் பேச முடியவில்லை. மூன்று வருடம் மகளை லீவுக்கு லீவு பார்ப்பது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கே மூச்சு முட்டியது. கண்ணாடியை ஏற்றிவிட்டு நானே ஓட்டிக் கொண்டுபோக ஒரு கார் இருந்தால் இங்கேயே படிக்கலாமே என்று கேட்டேன். கேட்டுவிட்டு, அதிகமாகக் கேட்டுவிட்டோமோ என்று ஒரு வாரம் யோசித்தேன். எங்களுக்குக் கட்டுப்படியான கார் இது ஒன்றுதான்.

விற்றவர் எங்களுக்குப் பக்கத்தில் ராயபுரத்தில் சின்னதாகப் பனியன் கம்பெனி நடத்துபவர். தறிக் குடும்பம். அவருடைய அப்பா வைத்திருந்த கார். டேஷ்போர்டில் விரல் உயரத்துக்கு ஒரு முருகன் ஒட்டியிருந்தார். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். பிடுங்கினால் தகடும் சேர்ந்து வந்துவிடும் போலிருந்தது. பிடுங்கவும் மனம் வரவில்லை. முருகன் அப்படியே இருந்தார்.

"ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க," என்றார் அவர் என் கணவரிடம். "மனசுக்குப் புடிக்கலீன்னா கொண்டாந்து இங்கயே உட்டுருங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டனுங்க."

ஸ்டியரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டின் விளிம்பில் மூன்று கறுப்புக் குமிழ்கள் வரிசையாக இருந்தன. மேலே எழுதியிருந்ததெல்லாம் தேய்ந்து போயிருந்தது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"இது?"

"லைட்டுங்க."

"இது?"

"வைப்பருங்க. மழை வந்தா இழுத்துக்கோங்க."

"அப்ப இது?"

"அது மார்கழிக்குத்தானுங்க. இப்பத்திக்கு அதைத் தொட வேண்டியதே இல்லீங்க."

நான் தலையாட்டினேன். பரீட்சைத் தாளில் ஒரு கேள்வியை ஐந்து தடவை படிப்பவள் நான். ஆனால் எதிரில் ஆள் நின்று சொன்னால் ஒரே தடவையில் தலையாட்டிவிடுவேன். இரண்டாம் தடவை கேட்டால் படித்த பெண்ணுக்கு இது தெரியவில்லையா என்று நினைத்துவிடுவாரோ என்று பயம். மார்கழிக்கு என்றால் குளிருக்கு. குளிருக்கு என்றால் காருக்குள்ளே சூடு வர வைப்பதற்கு. நானாக அப்படி முடிவு செய்துகொண்டேன். எங்கள் ஊரில் அதற்குத் தேவையே இருந்திருக்காது என்றுகூட நினைத்தேன்.

சித்திரை கடைசி வாரம். அடுத்த சில நாட்கள் அந்தக் காரைத் தெரிந்துகொள்வதில் போயின. முன் கண்ணாடிகளுக்குப் பக்கத்தில் முக்கோணமாக இரண்டு சின்னக் கண்ணாடிகள் இருந்தன. அவற்றைத் திருப்பினால் காற்று முகத்தில் அடிக்காமல் ஓரமாக உள்ளே வரும். இதைக் கண்டுபிடித்தது என் மகள். "அம்மா, குட்டி ஜன்னல்," என்று அவள் திருகித் திருகி விளையாடும்போது நான் அந்தக் காற்றைக் கவனித்தேன். தூசியும் வராது, புழுக்கமும் இருக்காது. இதை யோசித்துச் செய்தவருக்கும் வீசிங் உள்ள பிள்ளை இருந்திருக்குமோ என்று நினைத்தேன்.

இடது பக்கக் கதவை இரண்டு தடவை சாத்த வேண்டும். முதல் தடவை சாத்தினால் சாத்தியது போல இருக்கும், ஆனால் சாத்தியிருக்காது. இண்டிகேட்டர் போட்டால் தானாக அணையாது. நாம்தான் நினைவு வைத்து அணைக்க வேண்டும். ஹாரன் அதட்டாது, கூப்பிடும். டேஷ்போர்டு டப்பாவுக்குள் ஒரு மூக்குக் கண்ணாடி உறையும், காய்ந்த எலுமிச்சம்பழமும், யாருடையதோ கொண்டை ஊசிகள் மூன்றும் கிடந்தன. அந்தக் கொண்டை ஊசிக்காரியும் என்னைப் போல முன் இருக்கையில் பயந்துகொண்டே உட்கார்ந்திருப்பாளா, தைரியமாக இருந்திருப்பாளா என்று வெகுநேரம் யோசித்தேன். முதல் நாள் கியரைத் தேடியபோது இருந்த பயம் போய், காலையில் எழுந்தால் இன்று இதில் என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம் என்ற ஆசை வந்திருந்தது.

ஓட்டவும் வந்துவிட்டது. கணவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூட வந்தார். பிறகு நானே தனியாகக் காய்கறி வாங்கப் போய்வந்தேன். அதன் பிறகு மகளை உட்காரவைத்து, இங்கே அவளுக்கு இடம் வாங்கி வைத்திருந்த பள்ளிக்கூடம் வரை போய்த் திரும்பிப் பழக ஆரம்பித்தேன்.

அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பெட்ரோல் நாற்றம் வந்தது.

கிளம்பும்போது இல்லை. மெயின் ரோட்டுக்கு வந்து கொஞ்ச தூரம் போனதும் மெல்ல வந்தது. அடுத்த வளைவுக்குள் கார் தயங்கி இழுக்க ஆரம்பித்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கறுப்பாகப் புகை. சாலைத் திருப்பத்தில் வேகம் குறைத்தபோது இரண்டு குலுக்குக் குலுக்கி நின்றே போனது. மகள் இருமினாள்.

"காருக்கும் வீசிங்காம்மா?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளையும் மருந்துப் பையையும் தூக்கிக்கொண்டு இறங்கி ஓரமாக நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போலக் கார் கிளம்பியது. பாதி வழியில் மறுபடியும் நாற்றம். வீட்டுக்கு வந்தபோது அவள் நெஞ்சு விசிலடித்தது.

மறுநாள் என் கணவர் அதே காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அவர் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சாயங்காலம் வந்து சாவியை மேசையில் போட்டார்.

"எனக்கு ஒரு நாத்தமும் அடிக்கலியே. வண்டி சும்மா வெண்ணெய் மாதிரி போவுது."

"நேத்து நின்னுபோச்சுங்க. சத்தியமா."

"நீ கிளட்சை ஒழுங்கா மிதிச்சிருக்க மாட்ட."

இருக்கலாம் என்று எனக்கும் தோன்றியது. மூன்றாம் நாள் கிளட்சையே நினைத்துக்கொண்டு ஓட்டினேன். நாற்றம் வந்தது. கார் நின்றது. மகள் இருமினாள்.

மெக்கானிக்கிடம் போனேன். விற்றவர் சொன்ன ஆள். ராயபுரத்தில் அவர் பட்டறை. பெட்ரோல் ட்யூபை மாற்றினார். பானட்டைத் திறந்து பிளக்கைக் கழற்றிக் காட்டினார். நுனி கரியாகக் கிடந்தது.

"பெட்ரோல் அதிகமாப் போகுதுங்க அம்மிணி. அதான் கரி. கார்ப்பரேட்டரைச் சுத்தம் பண்ணி வெச்சுட்டனுங்க. இனி வராது." கையைத் துடைக்க அவர் எடுத்தது பனியன் கட்டிங் துண்டுகள். அந்தப் பருவத்தில் வெளிநாட்டுக்காரர்கள் ரோஸ் நிறம் கேட்டிருந்தார்கள் போலிருக்கிறது. பட்டறை முழுக்க ரோஸ் நிறத் துண்டுகள் கிரீஸ் கறையோடு கிடந்தன. அவரே ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். நாற்றம் இல்லை. நானும் ஓட்டினேன். நாற்றம் இல்லை.

மறுநாள் மகளோடு போனேன். வந்தது.

மறுபடியும் பட்டறைக்குப் போனேன். அவர் தலையைச் சொறிந்தார். "ஏனுங் அம்மிணி, எங்கிட்ட வந்தா மட்டும் நல்ல புள்ளயாட்டம் நிக்குதுங்களே. பொய்க்காச்சலா இருக்குமுங்களா?"

கீழ்வீட்டு அம்மா, எங்கள் வீட்டுக்காரம்மா, படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே விசாரித்தார்.

"ஏங்கண்ணு, வண்டி வாங்குனீங்களே, ஒரு எலுமிச்சங்காயாவது சக்கரத்துல வெச்சு நசுக்குனீங்களா?"

"இல்லம்மா. எங்க வழக்கத்துல இல்ல."

"உங்க வழக்கத்துல இல்லீன்னா கண்ணு படாதாமா? இந்தச் சந்துல எத்தன பேரு பாக்கறாங்க. நீங்க பண்ண வேண்டாஞ் சாமி, நான் பண்ணி உடறேன். சாமி கோவிச்சுட்டா எம்மேல கோவிச்சுக்கட்டும்."

மறுநாள் நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். சரியா தவறா என்று குழம்பிக்கொண்டே அவற்றின் மேல் ஏற்றினேன். நாற்றம் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். கணவர் ஓட்டினார். மகள் நடுவில், நான் ஓரத்தில், மருந்துப் பை என் மடியில். போகும்போதும் நாற்றம் இல்லை, வரும்போதும் இல்லை. அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

"பாத்தியா?" என்றார் அவர். "வண்டிக்கு ஒண்ணும் இல்ல. நீயும் பிள்ளயும் தனியாப் போனாத்தான் நாத்தம் வருது. வைத்தியம் உனக்குத்தான் பாக்கணும் போலிருக்கு."

கேலியாகத்தான் சொன்னார். நான் அன்று முழுக்க அதையே நினைத்தேன். ஒருவேளை நாற்றம் என் மூக்கில்தான் இருக்கிறதோ? அவளைத் தனியாகக் கூட்டிப்போகிறோம் என்ற பயத்தில் நானே உண்டாக்கிக்கொள்கிறேனோ? அப்படியானால் அவள் இருமுவது? என் முகத்தைப் பார்த்துப் பயந்து இருமுகிறாளோ?

இரண்டு நாள் கழித்து அவர் கேலி இல்லாமலே பேசினார். "ஞாயித்துக்கிழமையோட ஒரு மாசம் முடியுது. வண்டியக் கொண்டு விட்டுருவோம். செகண்ட்ஸ் பீஸ்ல எவ்வளவுதான் குறை தேடுத? பிள்ள ஊர்லயே படிக்கட்டும். மாமா வேற கேட்டுக்கிட்டே இருக்காங்க." பனியன் கம்பெனியில் கழித்துக் கட்டிய உருப்படிக்குப் பெயர் செகண்ட்ஸ். அவர் எந்தப் பொருளையும் அப்படித்தான் பேசுவார்.

நான் கல்லூரியில் வேதியியல் படித்தவள். சோதனைச் சாலையில் திரவம் நிறம் மாறாவிட்டால் எங்கள் ஆசிரியை திட்ட மாட்டார், முதலில் நோட்டைக் கேட்பார். அன்று மத்தியானம் மகள் தூங்கும்போது, கணவர் கொண்டுவந்து போட்டிருந்த பழைய ஆர்டர் தாள்களின் பின்பக்கத்தில் அதுவரை போன பயணங்களையெல்லாம் நினைவிலிருந்து எழுதினேன். யார் ஓட்டியது, யார் யார் இருந்தது, எந்த நேரம், வெயிலா, மேகமா, நாற்றம் வந்ததா. எழுதி முடித்துக் கோடு போட்டுப் பார்த்தால் கணவர் சொன்னதுதான் வந்தது. நான் தனியாக ஓட்டினால் இல்லை. அவர் ஓட்டி அவளும் இருந்தால் இல்லை. நானும் அவளும் மட்டும் போனால், ஒன்றுவிடாமல் எல்லாத் தடவையும்.

தாளை மடித்துவிட்டேன். பிறகு மறுபடியும் பிரித்தேன். நானும் அவளும் என்று எழுதியிருக்கிறேனே, நானும் அவளும் மட்டும்தானா? அவளோடு என்னென்ன வருகிறது? தண்ணீர் பாட்டில். ரெக்சின் சுடாமல் இருக்க ஒரு துண்டு. செருப்பு. மருந்துப் பை. அவள் இல்லாமல் அவளோடு வரும் எல்லாவற்றையும் கொண்டுபோனால் என்ன ஆகும்?

வெள்ளிக்கிழமை காலை அவளைக் கீழ்வீட்டில் விட்டேன். "அரைமணி நேரம் பாத்துக்குங்கம்மா."

"எங்க கண்ணு போறீங்க?"

சோதனைக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "சும்மா ஒரு சுத்து," என்றேன்.

அவள் உட்காரும் இடத்தில் துண்டை விரித்தேன். பாட்டிலை வைத்தேன். செருப்பைக்கூட வைத்தேன். மருந்துப் பையை வழக்கமான இடத்தில் மாட்டினேன். கையில் தாளும் பென்சிலும். கிளம்பினேன். மெயின் ரோடு வந்தது. முதல் வளைவு. மூக்கை நீட்டிக்கொண்டே ஓட்டினேன். இரண்டாவது வளைவில் வந்தது அந்த நாற்றம். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பின்னால் புகை. கார் இழுத்தது, தயங்கியது. ஒரு சாயப் பட்டறையின் மதில் ஓரமாக, இன்ஜினை அணைக்காமல் நிறுத்தினேன். காரணம் நானும் இல்லை, அவளும் இல்லை. என் மூக்கும் சரியாகத்தான் இருக்கிறது.

எழுதிக்கொள்ளலாம் என்று பென்சிலைத் தேடினால் அது காலடியில் விழுந்திருந்தது. தலையைக் கவிழ்த்துக் குனிந்து தேடினேன். அப்படிக் குனிந்தபோதுதான் மருந்துப் பையை அடியிலிருந்து பார்த்தேன்.

அந்தப் பையை நான் தைத்தது கணவர் கம்பெனியில் கழித்த சாம்பிள் துணியில். பனியன் துணி. உள்ளே இன்ஹேலர், அதற்கு மாட்டும் பெரிய பிளாஸ்டிக் குழாய், வெந்நீர் ஃப்ளாஸ்க், சிரப் பாட்டில், மாற்று உடை, டாக்டர் ஃபைல் எல்லாம் இருக்கும். கனம் ஏற ஏறத் துணி இழுபட்டுத் தொங்கும். முதலில் அதை இருக்கையில் வைத்துப் பார்த்தேன். பிரேக் போட்டால் ரெக்சினில் வழுக்கி விழுந்தது. தரையில் வைத்தால் பெடலுக்குக் கீழே போய்விடுமோ என்று பயம். என் கை உடனே எட்டும் இடத்தில் இருக்கவும் வேண்டும். டேஷ்போர்டின் விளிம்பில், தலை தடித்து, பை மாட்டுவதற்கென்றே செய்தது போல ஒரு குமிழ் சும்மா இருந்தது. மார்கழி வர இன்னும் ஏழு மாதம் இருந்தது. அதில் மாட்டினேன்.

கீழேயிருந்து பார்க்கும்போது அந்தக் குமிழ் மற்ற இரண்டோடு வரிசையில் இல்லை. இரண்டு விரல் அளவு வெளியே வந்து, கீழ்நோக்கிச் சரிந்திருந்தது. அதற்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே ஒரு கம்பி தெரிந்தது. தூசி படாத, பளபளவென்ற கம்பி.

பையின் காதைப் பிடித்து மெல்லத் தூக்கினேன். ஆமை தலையை இழுப்பது போலக் குமிழ் தானாக உள்ளே போனது. இன்ஜினின் சத்தம் மாறியது. அதுவரை கரகரவென்று முனகிக்கொண்டிருந்தது, தொண்டையைச் செருமிக்கொண்டது போல லேசாகி ஓட ஆரம்பித்தது.

பையை மறுபடி மாட்டி, வண்டி குலுங்குவது போல ஆட்டிவிட்டேன். குமிழ் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. சத்தம் கனத்தது. தூக்கினேன், லேசானது. மாட்டினேன், கனத்தது. எத்தனை தடவை செய்தேன் என்று தெரியாது. சாயப் பட்டறைக் காவல்காரர் வெளியே வந்து, "ஏனுங்க, எதாச்சும் ஒத்தாசை வேணுங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, பாத்துக்கிட்டு இருக்கேன்," என்றேன். பதிலுக்கு அவரும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

நேரே ராயபுரத்துக்கு ஓட்டினேன். மெக்கானிக் பையையும் குமிழையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"அது சோக்குங்க அம்மிணி! அதுல போயி பையை மாட்டுவாங்களா?"

"அது மார்கழிக்குன்னு சொன்னாங்களே."

"ஆமாங்க. குளுருல காலைல கிளம்பாதுங்க. அப்ப அதை இழுத்தா இன்ஜினுக்குப் போற காத்தை அடைச்சுப்போட்டு பெட்ரோலை அதிகமா உடுமுங்க. கிளம்புனதும் உள்ள தள்ளிரோணும். இந்த வெயிலுக்கு அது எதுக்குங்க? உங்க பை போற வழி பூரா அது மூச்சைப் புடிச்சு வெச்சிருக்குது." துடைத்த ரோஸ் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "நானும் கார்ப்பரேட்டரை ரெண்டு தடவ கழட்டிப் போட்டனுங்களே. எங்கிட்ட வரும்போது நீங்க பையைத் தூக்கிட்டு எறங்கிருவீங்க. அதுவும் உள்ள போயிருமுங்க. கண்டிருந்தாத்தானுங்களே."

பட்டறையில் சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுப் படியேறும்போதுதான் உறைத்தது. அவளுக்கு மூச்சு விட முடியாமல் போனால் கை எட்டும் தூரத்தில் மருந்து இருக்க வேண்டும் என்று மாட்டிய பை. அதுதான் அந்தப் புகையை அவள் நெஞ்சுக்குள் அனுப்பியிருக்கிறது. நாற்றம் வந்த அன்றெல்லாம் நான் முதலில் செய்த காரியம் பை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்ததுதான். ஒருவேளை ஊருக்கே அனுப்பிவிடுவதுதான் நல்லதோ? என் கையில் இருப்பதைவிட அப்பா வீட்டில் அவள் பத்திரமாக இருப்பாளோ?

கணவரிடம் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றும் நினைத்தேன். மெக்கானிக் சரிசெய்துவிட்டார் என்றால் முடிந்தது. ஆனால் பொய் சொல்லி வைத்துக்கொண்ட காரில் அவளை எப்படிக் கூட்டிப்போவது? சாயங்காலம் அவரைக் கீழே அழைத்துப்போய், குமிழில் பையை மாட்டித் தூக்கிக் காட்டினேன்.

அவரே இரண்டு தடவை மாட்டித் தூக்கிப் பார்த்தார்.

"இத நீயே கண்டுபிடிச்சியா?"

"நாந்தான் மாட்டினேன். நாந்தான் கண்டுபிடிச்சேன்."

"அப்ப இது செகண்ட்ஸ் இல்ல," என்றார். "நல்ல பீஸைத்தான் ரிஜெக்ட் பண்ணப் பாத்தோம்." பிறகு அவர் குரல் மாறியது. "இங்க பாரு. வண்டிய வச்சுக்கிடுவோம். ஆனா ஊர்ல அட்மிஷன் அப்படியே இருக்கட்டும். புகை வண்டியால வந்தது. வீசிங் வண்டியால வரலல்லா. ஸ்கூல் தெறந்து ஒரு வாரம் பாப்போம்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நானும் சரி என்றேன்.

பள்ளிக்கூடம் திங்கட்கிழமை திறந்தது. மருந்துப் பை இப்போது இருக்கையின் முதுகில் ஒரு கயிற்றில் கட்டியிருந்தது. கண்ணாடியை ஏற்றினேன். முக்கோணக் கண்ணாடியைத் திருகும் வேலை அவளுடையது. முதல் நாள் போகும் வழியெல்லாம் நான் ரோட்டைப் பார்த்ததைவிட அவள் நெஞ்சைக் கேட்டதுதான் அதிகம். அவள் பேசினால் காதைத் தீட்டிக்கொள்வேன். பேசாவிட்டால் இன்னும் பயம். "ஏம்மா பாத்துக்கிட்டே இருக்க?" என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமை விசில் இல்லை. புதன்கிழமை பள்ளி வாசலில் இரண்டு தடவை இருமினாள். நான் காரை ஓரம்கட்டி, இறங்கி, முட்டிபோட்டு அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை. "தண்ணி பொரையேறிச்சும்மா," என்றாள், வகுப்புத் தோழிகள் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தில் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு. எந்த நெஞ்சும் ஒரு வாரத்தில் தேறிவிடாது என்று எனக்குத் தெரியும். அந்த மழைக்காலத்தில் அவளுக்கு இரண்டு தடவை மோசமாக வரப்போகிறது என்பது தெரியாது. அது வந்தபோதும் அந்தக் காரில் நான்தான் அவளை டாக்டரிடம் கொண்டுபோனேன்.

வியாழக்கிழமை அவளைப் பள்ளியில் விட்டேன். அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினாள். வீட்டுக்கு வரும் வழியில் ஒரு எஸ்.டி.டி. பூத். கடந்து போய்விட்டேன். அந்தக் காரைப் பின்னால் எடுப்பது எனக்கு அப்போதும் சரியாக வராது. தடியை என் பக்கம் இழுத்து, தேடி, கடைசியில் ரிவர்ஸ் விழுந்தது. பூத் வாசல்வரை பின்னாலேயே வந்து நிறுத்தினேன்.

அப்பாதான் எடுத்தார்.

"அப்பா, கான்வென்ட்ல அவளுக்கு எடம் வேண்டாம்னு சொல்லிருங்க."

"ஏம்மா, மறுபடியும் எதும் முடியலியா?"

"நல்லா இருக்கா. இங்கயே படிக்கட்டும்."

"மாப்பிள்ளைட்ட பேசிட்டியா?"

"இல்லப்பா. இனிமதான் சொல்லணும்."

நான் கடையில் ஒரு சேலை எடுத்துவிட்டு அதை மாற்ற மூன்று தடவை திரும்பிப் போனவள் என்பது அப்பாவுக்குத் தெரியும். "வேண்டாம்னு சொல்லிட்டா அப்புறம் கேட்டாலும் கெடைக்காது. நல்லா யோசிச்சுத்தான் சொல்லுதியாம்மா?"

"இல்லப்பா," என்றேன். "யோசிக்கல."

அவர், "சரி. நாளைக்குப் போய் ஃபாரத்தத் திருப்பி வாங்கிட்டு வந்துருதேன்," என்றார்.